தெரிஞ்ச பெடியனை டிடென்சனில வைச்சிட்டாங்கள், பெயிலுக்கு நான் நிக்கலாமோ?

ஹவுன்ஸ்லோவாசி எழுதினது:

வணக்கம். அனுபவப்பட்ட ஆக்கள் ஆராவது இருந்தால் கெதியாச் சொல்லுங்கோ.

சனிக்கிழமையில கோயில் மடப்பள்ளிக்கு நான் மரக்கறி வெட்டப் போறனான். அங்க கொஞ்சக் காலமா ஒரு பெடியன் வந்து அண்டா, கிடாரம் எல்லாம் கழுவித் தருவான். கிளிநொச்சிப் பக்கம். கனக்கக் கதைக்கமாட்டான். வேலை முடிஞ்சால் ஒரு பிளேன்ரீ, பிறகு பஸ். பழக்கம் அவ்வளவுதான். எனக்குச் சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை.

போன கிழமை ஹோம் ஒஃபிஸில (குடிவரவு பார்க்கிற உள்துறை அமைச்சு) வழமையா வைக்கிற சைன் வைக்கப் போனவனை அங்கயே மறிச்சு வைச்சிட்டாங்கள். இரவு தெரியாத நம்பரில இருந்து எடுத்து, "அண்ணை, ஹாமன்ட்ஸ்வேர்த்தில இருக்கிறன். உங்கட நம்பர் மட்டும்தான் பாடம்" எண்டான். அது ஹீத்ரோவுக்குப் பக்கத்து டிடென்சன் சென்ரர். என்ர நம்பரில கடைசி நாலும் ஒரே இலக்கம், அதாலதான் ஞாபகம் இருந்திருக்கு. அவன்ர போனை வாங்கி வைச்சிட்டு கமெரா இல்லாத பட்டன் போன் ஒண்டு குடுத்திருக்கிறாங்களாம்.

அசைலம் கேஸ் ரிஜெக்ட் ஆகி, அப்பீலும் தள்ளுபடி. பிறெஷ் கேஸ் (புது ஆதாரத்தோட திரும்ப அசைலம் கேக்கிறது) போடுறன் எண்டு காசு வாங்கின லோயர் இப்ப போன் எடுக்கிறேல்லை. அவன் இருந்த அறையைக் குடுத்த ஐயா, "இனி இந்த விலாசத்தைக் குடுக்காதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டார். அவரிலயும் பிழை சொல்லேலாது, வயசான மனுசன், பயம். இதுக்குள்ள இன்னொராள் வந்து 3,000 பவுண் தந்தால் வெளியில எடுத்துத் தாறன் எண்டுறார்.

நான் பெயிலுக்கு நிண்டால் எவ்வளவு காசு கட்ட வேணும்? எனக்கு நிரந்தர விசாதான், அடுத்த வருசம் சிற்றிசனுக்குப் போட இருக்கிறன். அதுக்கு ஏதும் பிரச்சினை வருமோ? மனுசி கேக்கிறா, "உங்களுக்கு அவன்ர முழுப்பேர் தெரியுமோ?" எண்டு. உண்மையாத் தெரியாது.

---

காங்கேசன் எழுதினது:

தம்பி பயப்பிடாதேங்கோ. ஒண்டுவிட்ட தமையன் எண்டு எழுதிக் குடுங்கோ. சொந்தக்காரர் எண்டால்தான் ஜட்ஜ் நம்பி விடுவார், வெறும் பழக்கத்துக்கு விடமாட்டினம். இலங்கை ஹை கொமிசனுக்கும் ஒருக்கா எடுத்துக் கதைச்சுப் பாருங்கோ, தங்கட நாட்டு ஆள்தானே, உதவி செய்வினம்.

---

பனங்கூடல் எழுதினது:

காங்கேசன் அண்ணை, நல்ல மனசோட எழுதியிருக்கிறியள், ஆனா ரெண்டும் பிழை. ரெண்டாவது ஆபத்தும் கூட. அந்த அரசாங்கத்துக்குப் பயந்து அசைலம் கேட்டவன்ர விபரத்தை அந்த அரசாங்கத்தின்ர அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் குடுக்கிற வேலை அது. பாஸ்போட் இல்லாத ஆளைத் திருப்பி அனுப்ப அவசரப் பயணப் பத்திரம் எடுக்கிறதுக்கு ஹோம் ஒஃபிஸ்தான் ஹை கொமிசனுக்குப் போகும். அந்த வேலையை நாங்கள் சுகமாக்கிக் குடுக்கத் தேவையில்லை.

ஹவுன்ஸ்லோவாசி, நான் லோயர் இல்லை. ஹீத்ரோவில தடுத்து வைச்சிருக்கிற ஆக்களைப் பார்க்கப் போற ஒரு குழுவில கனகாலமா இருக்கிறன், சில பேருக்கு பெயிலுக்கும் நிண்டனான். அந்த அளவுதான் என்ர அறிவு.

இண்டைக்கு இரவு அவன் எடுத்தால் ஆறுதல் சொல்லுறதோட விட்டிடாதேங்கோ. ஒரு பேனையை எடுத்து வைச்சுக்கொண்டு முழுப்பேர், பிறந்த திகதி, ஹோம் ஒஃபிஸ் றெஃபரன்ஸ் நம்பர் மூண்டையும் எழுதுங்கோ. உங்கட மனுசி கேட்டதுதான் சரியான முதல் கேள்வி, இந்த மூண்டும் இல்லாமல் வெளியில இருந்து ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. பிறகு, பிடிச்ச அண்டைக்குக் குடுத்த பேப்பர்களை வாசிக்கச் சொல்லுங்கோ. அதில ஐஎஸ்91ஆர் எண்டு ஒண்டு இருக்கும். ஏன் மறிச்சு வைச்சிருக்கு எண்ட காரணங்கள் வரிசையா அச்சடிச்சிருக்க, அவனுக்குப் பொருந்துறதுக்கு மட்டும் அடையாளம் போட்டிருப்பாங்கள். "விட்டால் தலைமறைவாகிடுவான்" எண்டதுக்குப் போட்டிருக்கோ, "கெதியா நாட்டை விட்டு அனுப்பப் போறம்" எண்டதுக்குப் போட்டிருக்கோ? உங்கட அடுத்த வேலை முழுக்க அதிலதான் தங்கியிருக்கு.

ரிக்கெட் குடுத்திட்டாங்களோ எண்டும் கட்டாயம் கேளுங்கோ. அனுப்புற நாள் குறிச்சு, அது 14 நாளுக்குள்ள எண்டால், ஹோம் ஒஃபிஸ் சம்மதிக்காமல் ட்ரிபியூனல் (குடிவரவு வழக்குக் கேக்கிற மன்று) ஜட்ஜ் பெயில் குடுக்கேலாது. அப்பிடியெண்டால் பெயிலை விட்டிட்டு, ஜேஆர் (ஹோம் ஒஃபிஸின்ர முடிவை மேல் கோட்டில கேள்வி கேக்கிற வழக்கு) போடக்கூடிய லோயரை அண்டைக்கே பிடிக்க வேணும். ரிக்கெட் இல்லையெண்டால் மூச்சு விட நேரம் இருக்கு.

லோயர் விசயம். உள்ளுக்கு இருக்கிற ஆக்களுக்கு லீகல் எயிட் (அரசாங்கக் காசில வேலை செய்யிற) லோயரோட 30 நிமிசம் இலவசமாக் கதைக்கிற ஏற்பாடு இருக்கு. வருமானம், கேஸின்ர பலம் ஒண்டும் பார்க்கமாட்டினம். லைபிரரியிலயோ வெல்பெயரிலயோ பேரைக் குடுத்தால் சரி. "இண்டைக்கே பேரைக் குடு" எண்டு சொல்லுங்கோ. அந்த 30 நிமிசம் கதை சொல்லிக் கரைஞ்சு போயிடும், அதால ரிஜெக்ட் கடிதத்தையும் அப்பீல் தீர்ப்பையும் கையில வைச்சுக்கொண்டு போகச் சொல்லுங்கோ. அவை அவன்ர அறையில இருந்தால் அந்த ஐயாவிட்டக் கேட்டு எடுங்கோ. இப்பிடியான பெடியள் எல்லாத்தையும் கட்டிலுக்குக் கீழ ஒரு கடைப் பையில சுத்தி வைச்சிருப்பாங்கள். அந்தப் பை அப்பிடியே வேணும். ஆசுபத்திரித் துண்டு, ஜிபி (குடும்ப டொக்டர்) கடிதம், சைன் பண்ணச் சொல்லி வந்த பேப்பர், ஒண்டையும் குப்பை எண்டு எறிய விடாதேங்கோ.

காசு வாங்கின லோயரிட்ட இருக்கிற ஃபைலை, பெடியன் ஒப்பம் வைச்ச கடிதத்தோட புது லோயர் கேட்டு எடுக்கலாம். நீங்கள் அந்த ஆளோட சண்டைக்குப் போய் நேரத்தை வீணாக்காதேங்கோ, முறைப்பாடு பிறகும் குடுக்கலாம்.

3,000 பவுண்காரனைப் பற்றி என்ன சொல்ல. பதிவில்லாமல் இமிகிறேசன் ஆலோசனை குடுக்கிறது இந்த நாட்டில 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சொலிசிற்றர் எண்டால் எஸ்ஆர்ஏ (சொலிசிற்றர்மாரைக் கண்காணிக்கிற அமைப்பு) பதிவில இருக்க வேணும், ஆலோசகர் எண்டால் ஐஏஏ (இமிகிறேசன் ஆலோசகர்மாரைக் கண்காணிக்கிற அமைப்பு) பதிவில இருக்க வேணும். 2025 ஜனவரி வரைக்கும் ஓஐஎஸ்சி எண்டு இருந்ததுதான் இப்ப அந்தப் பேரில இருக்கு. ரெண்டு பட்டியலும் இணையத்தில இருக்கு. பேரைக் கேளுங்கோ. பேர் சொல்லத் தயங்கினால் அதோட கதை முடிஞ்சுது. பெயில் விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை எண்டதையும் அவருக்கு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. பெயில் ரெண்டு வழி. ஒண்டு ஹோம் ஒஃபிஸிட்டயே கேக்கிறது, பெயில் 401 எண்ட ஃபோம். அது பேப்பரிலயே முடியும், பிடிச்சவையிட்டயே விடச்சொல்லிக் கேக்கிறதால பெரிசா எதிர்பார்க்காதேங்கோ. மற்றது ஃபேர்ஸ்ட் டியர் ட்ரிபியூனலுக்கு பி1 ஃபோம். வழமையா ஃபோம் கிடைச்சு மூண்டு வேலை நாளுக்குள்ள விசாரணை வைக்கப் பார்ப்பினம். ஹோம் ஒஃபிஸ்காரர் ஒரு பக்கம், உங்கட ஆள் மற்றப் பக்கம், நடுவில சுயாதீனமான ஜட்ஜ். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு ஃபோமில எழுதினால் அவையே ஒழுங்கு பண்ணுவினம், காசில்லை.

முன்னம் சூரிட்டி எண்டு சொன்னதை 2018இல இருந்து ஃபினான்சியல் கண்டிசன் சப்போட்டர் எண்டு மாத்திட்டினம். எங்கட சனம் இப்பவும் "பெயிலுக்கு நிக்கிறது" எண்டுதான் சொல்லும். நீங்கள் முன்கூட்டி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. "இவன் கண்டிசனை மீறினால் இவ்வளவு தருவன்" எண்டு ஒப்பந்தப்படுறது, அவ்வளவுதான். மீறினாலும் உடன பறிக்கேலாது, உங்கட பக்கத்துக் காரணத்தைச் சொல்ல இடம் குடுக்க வேணும். தொகைக்கு விலைப்பட்டியல் ஒண்டும் இல்லை. உங்களிட்ட எவ்வளவு இருக்கு, அதில எவ்வளவு போனால் உங்களுக்கு நோகும் எண்டுதான் ஜட்ஜ் பார்ப்பார். பாங்கில 2,000 வைச்சிருக்கிற ஆள் 10,000 எண்டு சொன்னால் அது வீரம் இல்லை, நம்பிக்கை கெடும். சப்போட்டர் இல்லாமலும் பெயில் குடுக்கிறது உண்டு. அதால, உங்களுக்கு ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ. அவன்ர விடுதலை உங்கட தலையில மட்டும் கட்டித் தூக்கின பாரம் இல்லை.

"ஒண்டுவிட்ட தமையன்" கதைக்கு வாறன். ஜட்ஜ் உங்களிட்ட என்ன கேப்பார் தெரியுமோ? எப்ப இருந்து பழக்கம், எங்க சந்திச்சது, கிழமைக்கு எத்தினை தரம் காணுறது, அவன் சைன் பண்ணப் போகாமல் விட்டால் உங்களுக்கு எப்பிடித் தெரியவரும், தெரிஞ்சால் என்ன செய்வியள்? பிறகு அதே கேள்வியைப் பெடியனிட்டத் தனியாக் கேப்பார். நீங்கள் பெரியம்மாவின்ர மகன் எண்டு சொல்ல, அவன் சின்னம்மா எண்டு சொல்ல, அதோட எல்லாம் கெட்டுது. பிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது, அந்தப் பொய் அவன்ர அசைலம் ஃபைலிலயும் போய் இருக்கும். இப்பிடிச் சொந்தம் எண்டு வந்த ஆக்கள் ஆளுக்கொரு கதை சொன்னதைப் பார்த்த ஜட்ஜ்மாருக்கு மடப்பள்ளிக் கதை எவ்வளவோ மேல். "ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமையில இருந்து மத்தியானம் வரைக்கும் பக்கத்தில நிண்டு வேலை செய்யிறன், வராட்டி அண்டைக்கே தெரிஞ்சிடும்" எண்டுறது ஒரு நல்ல பதில். கனடாவில இருக்கிற சொந்தத் தமையனால அப்பிடிச் சொல்லேலாது. கோயில் நிர்வாகத்திட்டயும் ஒரு கடிதம் எடுங்கோ.

சிற்றிசன் விசயம்: உண்மையைச் சொல்லி பெயிலுக்கு நிக்கிறது குற்றம் இல்லை. உங்கட விசா நிலை, பழைய வழக்கு ஏதும் இருக்கோ எண்டு ஹோம் ஒஃபிஸ் பார்க்கும். அதில ஒளிக்க ஒண்டும் இல்லாட்டிப் பயம் இல்லை. விசா இல்லாத ஆக்கள் மட்டும் தயவுசெய்து நிக்கவும் வேண்டாம், பார்க்கப் போகவும் வேண்டாம். வாசலிலயே அடையாள அட்டை கேப்பினம்.

---

மழைக்கோட்டு எழுதினது:

நான் உள்ள இருந்து வந்தவன். எங்க, எப்ப எண்டு எழுதேல்லை. பனங்கூடல் அக்கா எழுதினதோட ரெண்டு விசயம்.

தம்பிக்கு உடம்பில காயத் தழும்பு, இரவில நித்திரை இல்லாமை, ஊரில பிடிச்சு அடிச்ச கதை ஏதும் இருந்தால் ஹெல்த்கெயாரில போய் "ரூல் 35" எண்ட சொல்லைச் சொல்லி டொக்டரிட்ட அப்பொயின்மென்ற் கேக்கச் சொல்லுங்கோ. சும்மா "சுகமில்லை" எண்டால் பனடோல்தான் வரும். சித்திரவதைக்கு ஆளானவராய் இருக்கலாம் எண்டு டொக்டருக்குப் பட்டால் அவர் அறிக்கை எழுதியே ஆக வேணும், ஹோம் ஒஃபிஸ் ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் சொல்ல வேணும். அதுக்காக உடன விட்டிடுவாங்கள் எண்டு இல்லை. ஆனா ஜட்ஜ் முன்னால அந்த அறிக்கை பேசும். எங்கட பெடியள் வெக்கத்தில தழும்பைக் காட்டமாட்டாங்கள், அதுவும் மொழிபெயர்ப்பாளர் பொம்பிளை எண்டால் வாயே திறக்கமாட்டாங்கள். ஆம்பிளை மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேக்கலாம். இது உங்களிட்டயும் அவன் சொல்லாத கதையா இருக்கலாம். நோண்டி நோண்டிக் கேக்காதேங்கோ. "டொக்டரிட்டச் சொல்லு, எனக்குச் சொல்லத் தேவையில்லை" எண்டு மட்டும் சொல்லுங்கோ, அது போதும். மெடிக்கல் ஜஸ்ரிஸ் எண்ட அமைப்பு வெளி டொக்டரை உள்ளுக்கு அனுப்பிப் பார்க்கும், அதையும் கேளுங்கோ.

ரெண்டாவது, உள்ளுக்கு இருக்கேக்க ஆள் வந்து ஏதாவது பேப்பரை நீட்டும். தான் விரும்பித் திரும்பிப் போறன் எண்ட பேப்பரும் அதுக்குள்ள இருக்கும். மனம் விட்டுப்போன நேரத்தில சைன் வைச்சிடுவாங்கள், நானும் பேனையைக் கையில எடுத்தனான், பக்கத்துக் கட்டில் வியட்நாம்காரன் தட்டி விட்டான். லோயர் பார்க்காமல் எதிலயும் கை வைக்க வேண்டாம் எண்டு ஒவ்வொரு முறை எடுக்கேக்கயும் சொல்லுங்கோ.

நேரம் குறிச்சு எடுங்கோ. பின்னேரம் ஏழு மணிக்கு எடுப்பன் எண்டால் ஏழுக்கே எடுக்க வேணும். இந்த நாட்டில டிடென்சனுக்கு இத்தினை நாள் எண்டு சட்டத்தில மேல் எல்லை இல்லை. ஜெயிலில எண்டால் வெளியில வாற நாளைச் சுவரில கீறி எண்ணலாம், இங்க எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லை. அந்த ஏழு மணிதான் ஒரு நாளில பிடிச்சுக்கொள்ளுறதுக்கு இருக்கும். கட்விக் பக்கத்து புருக் ஹவுஸ் டிடென்சன் சென்ரரைப் பற்றின விசாரணை 2023இல அறிக்கை குடுக்கேக்க 28 நாள் எல்லை வேணும் எண்டு சொன்னது, அரசாங்கம் ஏற்கேல்லை.

---

ஹவுன்ஸ்லோவாசி எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்தனான். முதல் நாளே நேரம் பதிய வேணும் எண்டாங்கள், பதிஞ்சிட்டு 81ஆம் நம்பர் பஸ்ஸில போனன். கோல்ன்புறூக் பைபாஸ் ஓரத்தில இறங்கினால் ஒரு பக்கம் லொறி, மேல பிளேன், அதுக்கிடையில கம்பி வேலி. பாஸ்போட்டைக் காட்டி, படம் எடுத்து, போன், திறப்பு, பெல்ட் எல்லாம் லொக்கரில வைச்சிட்டுத்தான் உள்ள விட்டாங்கள். சாப்பாடு கொண்டு போகேலாது எண்டு தெரியாமல் மனுசி கட்டித் தந்த புட்டு திரும்பி வந்திட்டுது.

பெடியன் மெலிஞ்சு போனான். ஐஎஸ்91ஆரில தலைமறைவு எண்டதுக்குத்தான் அடையாளம். ரிக்கெட் இன்னும் இல்லை. 30 நிமிச லோயரைக் கண்டிட்டான், அவ கேஸ் எடுக்கிறன் எண்டவ. ரூல் 35க்கும் பேர் குடுத்திருக்கிறான். அந்த ஐயாவின்ர வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தன், கட்டிலுக்குக் கீழ இல்லை, அலுமாரிக்கு மேல. உள்ள சைன் பண்ணச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் திகதி வரிசையில அடுக்கி வைச்சிருக்கிறான். பாராளுமன்றத்துக்கு முன்னால நடந்த போராட்டத்தில கொடி பிடிச்சுக்கொண்டு நிக்கிற படமும் இருக்கு.

விலாசம்தான் பிரச்சினை. எங்கட வீட்டில முன்னறை இருக்கு, ஆனா வாடகை வீடு. மனுசி முதல் ஒத்துக்கொள்ளேல்லை, இப்ப "கொஞ்ச நாளைக்கு எண்டால் பரவாயில்லை" எண்டுறா. லோயர் அடுத்த கிழமை பி1 போடலாம் எண்டுறா. நான் நாளைக்கே போடச் சொல்லி நிக்கட்டோ?

---

பனங்கூடல் எழுதினது:

அவசரப்படுத்தாதேங்கோ. விசாரணை வைச்சு பெயில் மறுத்தால், அடுத்த 28 நாளுக்குள்ள திருப்பிப் போட்டாலும் புதுசா ஏதும் பெரிய மாற்றம் இல்லாட்டி விசாரணையே வைக்காமல் தள்ளிடுவினம். விலாசம் உறுதியில்லாமல் நாளைக்குப் போட்டு ஒரு மாசத்தை இழக்கிறதைவிட, ஒரு கிழமை பொறுத்து ஒழுங்காப் போடுறது மேல். பெடியனுக்கு இது விளங்காது, உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு ஒரு கிழமை எண்டால் என்ன எண்டு எங்களுக்கும் விளங்காது. லோயர் சொல்லுறபடி விடுங்கோ.

வீட்டுக்காரரிட்ட எழுத்தில அனுமதி எடுங்கோ, மின்னஞ்சலில ஒரு வரி வந்தாலும் காணும். "இன்ன பேருள்ள ஆள் என்ர வாடகையாளரோட விருந்தாளியாத் தங்கலாம்" எண்டு இருந்தால் சரி. அவனிட்ட வாடகை வாங்காதேங்கோ. காசு வாங்கித் தங்க வைக்கிறது எண்டால், விசா நிலை பார்த்துத்தான் வாடகைக்கு விடலாம் எண்ட "றைற் ரு றென்ற்" சட்டம் வந்து நிக்கும், விருந்தாளிக்கு அது இல்லை. அனுமதிக் கடிதத்தோட உங்கட வாடகை ஒப்பந்தம், கவுன்சில் ராக்ஸ் பில். மனுசியும் தான் சம்மதம் எண்டு ரெண்டு வரி எழுதி ஒப்பம் வைக்கட்டும். ஜட்ஜ் கேக்காட்டிலும் ஹோம் ஒஃபிஸ்காரர் கேப்பார், "வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கே, உங்கட மனைவிக்கு இது தெரியுமோ?" எண்டு. ஆனா அவ மனசார ஒத்துக்கொள்ளாட்டி வற்புறுத்தாதேங்கோ. எலெக்ரோனிக் ராக் (காலில பூட்டுற கண்காணிப்புக் கருவி) போடுற கண்டிசனோட வந்தால் அது சம்பந்தமா ஆக்கள் வந்து கதவு தட்டலாம். அதையும் அவவுக்கு இப்பவே சொல்லுங்கோ. விலாசமே கிடைக்காட்டி பெயில் 409 எண்ட ஃபோமில ஹோம் ஒஃபிஸிட்டத் தங்குமிடம் கேக்கிற வழி இருக்கு. இழுபடும், குடுக்கிறதும் குறைவு.

அந்தச் சைன் கடிதங்களைப் பார்த்தியளோ! அதுதான் உங்கட கேஸ். தலைமறைவாகிடுவான் எண்டு அடையாளம் போட்டிருக்கிறாங்கள், ஆனா ஆளைப் பிடிச்சது எங்க? தானாச் சைன் வைக்க வந்த இடத்தில. ஓடுறவன் அங்க வருவானோ? அப்பீல் தள்ளுபடியான பிறகும் ஒழுங்கா வந்திருக்கிறான் எண்டால் இன்னும் பலம். திகதி வரிசையிலயே கொப்பி எடுத்து லோயரிட்டக் குடுங்கோ, அடுக்கைக் குலைக்காதேங்கோ.

படம் பெயிலுக்கு இல்லை, பிறெஷ் கேஸுக்கு. இலங்கைத் தமிழரின்ர வெளிநாட்டு அரசியல் ஈடுபாட்டை எப்பிடிப் பார்க்கிறது எண்டு அப்பர் ட்ரிபியூனல் 2021இல ஒரு வழிகாட்டித் தீர்ப்புக் குடுத்திருக்கு, கேகே, ஆர்எஸ் எண்டு வழக்கின்ர பேர், லோயருக்குத் தெரியும். எங்க, எப்ப எடுத்தது, ஆர் எடுத்தது எண்டு பின்னால எழுதி வையுங்கோ. ஒரு படம் எண்டால் ஒரு படம்தான். இப்ப போய்ப் புதுசா நாலு படம் "உண்டாக்கித்" தாறம் எண்டு ஆரும் வந்தால் 3,000 பவுண்காரனுக்குச் சொன்னதையே சொல்லுங்கோ. அவன்ர படத்தையோ பேரையோ முகநூலில போட்டு "மீட்போம்" எண்டு ஒண்டும் துவங்கவும் வேண்டாம், ஊரில தாய் இருக்கிறா.

விசாரணைக்கு முதல் வேலை நாள் பின்னேரம் ரெண்டு மணிக்குள்ள ஹோம் ஒஃபிஸ் பெயில் சமரி தர வேணும். ஏன் விடக்கூடாது எண்டு அதில எழுதியிருப்பினம். பிழையான விசயமும் இருக்கும், வேற ஆளின்ர விபரம் வெட்டி ஒட்டினதைக் கூடக் கண்டிருக்கிறன். போனில பெடியனுக்கு ஒவ்வொரு வரியாத் தமிழில சொல்லி, எது பிழை எண்டு கேட்டு லோயருக்கு உடன எழுதுங்கோ. அண்டைக்குப் பின்னேரம் வேலைக்கு லீவு போடுங்கோ.

---

காங்கேசன் எழுதினது:

அக்கா சொன்னது சரி, நான் எழுதினதை விட்டிடுங்கோ. ஒரு கேள்வி. பெடியன்ர பெயிலுக்கு இன்னும் ஒராள் நிண்டால் நல்லம் எண்டால் நானும் நிக்கிறன், ஆனா எனக்கு அவனைத் தெரியாது.

---

பனங்கூடல் எழுதினது:

அண்ணை, மனசுக்கு நன்றி. தெரியாத ஆளுக்கு நிக்கிறது பலன் இல்லை, ஜட்ஜின்ர முதல் கேள்வியிலயே முடிஞ்சிடும். ஆனா அவன்ர போனுக்குக் கிரெடிட் போடுறது, ஹவுன்ஸ்லோவாசிக்கு ஒரு நாள் கார் ஓடுறது, இதுக்கெல்லாம் ஆள் வேணும். ஹவுன்ஸ்லோவாசிக்குத் தனிமடல் போடுங்கோ.

---

ஹவுன்ஸ்லோவாசி எழுதினது:

வீட்டுக்காரர் மின்னஞ்சல் அனுப்பிட்டார். கோயில் கடிதமும் வந்திட்டுது, தலைவர் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார், லோயர் ஒரு பக்கமாக் குறைக்கச் சொல்லிட்டா. மனுசி தானும் விசாரணைக்கு வாறன் எண்டுறா. வியாழக்கிழமை காலமை பத்து மணி, ஹாற்றன் குறொஸ் ட்ரிபியூனலில. பெடியன் வீடியோவில வருவானாம், எங்களை நேர வரச் சொல்லியிருக்கு. என்னென்ன கொண்டு போகவேணும்?

---

பனங்கூடல் எழுதினது:

ரெண்டு பேரின்ரயும் பாஸ்போட், உங்கட விசா ஆதாரம், கடைசி மூண்டு மாசச் சம்பளத் துண்டு, பாங்க் ஸ்ரேற்மென்ற், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின்ர மின்னஞ்சல் அச்சடிச்சு. ஸ்ரேற்மென்றில திடீரெண்டு வந்த பெரிய தொகை ஏதும் இருந்தால், சீட்டுக் காசெண்டாலும், எங்க இருந்து வந்தது எண்டு சொல்லத் தெரிஞ்சிருக்க வேணும். மூலப் பிரதியும் ஒரு செற் கொப்பியும் கொண்டு போங்கோ.

உங்களுக்கு ஆங்கிலம் வந்தாலும் பதட்டத்தில பிழைக்கும் எண்டு நினைச்சால் தமிழிலயே சொல்லுறன் எண்டு லோயரிட்ட முன்கூட்டிச் சொல்லுங்கோ. கேட்டதுக்கு மட்டும் பதில். தெரியாட்டித் தெரியாது. அவன்ர அசைலம் கதையை உங்களிட்டக் கேட்டால், "அதை நான் கேட்டதில்லை" எண்டு சொல்லலாம், அது உண்மைதானே. தொகை எவ்வளவு எண்டு ரெண்டு பேரும் இண்டைக்கே முடிவெடுத்து வையுங்கோ, கோட்டுக்குள்ள நிண்டு மனுசியைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி வைக்காதேங்கோ.

முடிவு பெரும்பாலும் அண்டைக்கே சொல்லுவினம். பெயில் கிடைச்சாலும் வெளியில விடுறதுக்குப் பின்னேரமாகும், சில நேரம் இரவு. கையில பெயில் 201 எண்டு ஒரு பேப்பர் குடுப்பினம், எங்க தங்கிறது, எப்ப சைன் வைக்கிறது எல்லாம் அதில இருக்கும். வேலை செய்யக்கூடாது எண்டும் போட்டிருக்கலாம். வீட்டுக்குக் கூட்டி வந்த உடன அதைப் படம் எடுத்து உங்கட போனிலயும் வைச்சிருங்கோ. முதல் சைன் நாளைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ, லோயரின்ர நம்பரைக் கையில வைச்சுக்கொண்டு. காங்கேசன் அண்ணையின்ர காரை அண்டைக்குக் கேளுங்கோ.